மண் தின்னும் குழந்தைக்கு இரும்புச் சிரப்: அங்கன்வாடி பாட்டிலா, மருந்துக்கடை சொட்டா?

"பிள்ளை மண்ணு திங்குது" என்று மருந்துக்கடையில் சொன்னால் பெரும்பாலும் கையில் வந்து சேர்வது ஒரு கால்சியம் டானிக். மண் தின்றால் கால்சியம் பத்தவில்லை என்பது ஊர் முழுக்க ஊறிப்போன எண்ணம். உண்மையில் மண், சாம்பல், சுவர்ச் சுண்ணாம்பு, பல்பம், பச்சரிசி என்று தேடித் தேடித் தின்னும் குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: இரும்போடு சேர்த்துக் கால்சியத்தையும் ஊற்றினால், குடல் இரும்பை எடுத்துக்கொள்வதைக் கால்சியமே தடுத்துவிடும். டாக்டர் இரண்டையும் எழுதியிருந்தால் நடுவில் குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும்.

பாட்டில்களுக்குப் போகும் முன், மருந்து தேவைதானா என்று பார்த்துவிடலாம். 7 மாதத்திலிருந்து ஒன்றரை, இரண்டு வயது வரை கைக்குக் கிடைப்பதையெல்லாம் வாயில் வைப்பது குழந்தையின் இயல்பு. மண்ணைத் தொட்டு நக்கி, முகம் சுளித்துத் துப்பும் பிள்ளைக்கு மருந்து எதுவும் வேண்டாம். வாயைத் துடைத்து, கையைக் கழுவினால் போதும். நோய் என்று கணக்கில் எடுப்பது வேறு வகை: ஒரு மாதத்துக்கு மேலாக, இரண்டு வயதைத் தாண்டியும், விலக்கிவிட்டால் அழுது, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய்த் தின்பது. மருத்துவர்கள் இதைப் 'பைகா' என்பார்கள். ஆனால் இரண்டு வயது ஆகவில்லையே என்று காத்திருக்கவும் கூடாது. ஒன்றே கால் வயதுப் பிள்ளை தினமும் பிடி பிடியாய் மண் தின்கிறது, உள்ளங்கை வெளுத்திருக்கிறது, சோற்றில் நாட்டமில்லை என்றால் இரத்தம் பார்த்துவிட வேண்டியதுதான்.

பார்க்க வேண்டியது முழு இரத்த எண்ணிக்கையும், முடிந்தால் ஃபெரிட்டினும். 6 மாதம் முதல் 5 வயது வரை ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை என்பதே நம் சுகாதார நிலையங்களில் பழகிய கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் அந்தக் கோட்டை 10.5-க்கு இறக்கியது. ஃபெரிட்டின் 12-க்குக் கீழ் போனால் உடலின் இரும்புக் கையிருப்பு காலி. காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால் உடம்பு சரியான பிறகு எடுப்பது நல்லது. ஹீமோகுளோபின் 11-க்கு மேலே இருந்தும் கையிருப்பு காலியாக இருக்கலாம். "எச்.பி. நார்மல், ஒண்ணுமில்ல" என்று அனுப்பப்பட்ட பிள்ளை தொடர்ந்து மண் தின்றால் ஃபெரிட்டினைக் கேட்டு எடுங்கள்.

லேபிளில் பார்க்க வேண்டிய ஒரே எண்

இரும்பு மருந்தை வாங்கும்போது பெயர், விலை, சுவை எல்லாம் இரண்டாம் பட்சம். பின்பக்கம் பொடி எழுத்தில் 'எலிமென்டல் அயர்ன்' என்று இருக்கும். மருந்து உப்பின் எடையில் உண்மையான இரும்பு எவ்வளவு என்பது அதுதான். ஃபெரஸ் ஃபூமரேட் 100 மி.கி. என்று பெரிதாகப் போட்டிருந்தால் உள்ளே இருக்கும் இரும்பு சுமார் 33 மி.கி. மட்டுமே.

சோகைக்கான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. எலிமென்டல் இரும்பு, நாளுக்கு ஒரு முறை. இரண்டு மூன்று வேளையாகப் பிரிப்பதால் கூடுதல் பலன் இல்லை. மறந்துபோகும் வாய்ப்புதான் கூடும். 11 கிலோ பிள்ளைக்கு 33 மி.கி. வருகிறது, கணக்கு எளிதாக 30 என்று வைத்துக்கொள்வோம்.

இனிதான் வேடிக்கை. கடையில் 'இரும்புச் சொட்டு' என்று கிடைப்பவற்றில் ஒன்றில் மி.லி.க்கு 10 மி.கி., இன்னொன்றில் 25, வேறொன்றில் 50. முதல் வகையில் இந்தப் பிள்ளைக்கு 3 மி.லி. கொடுக்க வேண்டும், கடைசி வகையில் 0.6 மி.லி. போதும். "அந்த கம்பெனி இல்ல, இதுவும் அதேதான்" என்று கடைக்காரர் மாற்றிக் கொடுக்க, வீட்டில் பழைய அளவையே தொடர்ந்தால் ஐந்து மடங்கு கூடும் அல்லது ஐந்தில் ஒன்றாகக் குறையும். சீட்டில் டாக்டர் மி.லி. மட்டும் எழுதியிருந்தால், எத்தனை மி.கி. என்பதையும் கேட்டுப் பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கன்வாடி பாட்டில்

அனீமியா முக்த் பாரத் திட்டத்தில் (2018) 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு இலவசமாகத் தரும் 50 மி.லி. சிரப் இது. மி.லி.க்கு 20 மி.கி. எலிமென்டல் இரும்பு, 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். மூடியே 1 மி.லி. அளந்து விடும்படி அமைந்தது. வாரத்துக்கு இரண்டு முறை 1 மி.லி. என்பது பொதுவாகச் சொல்லித் தரும் அளவு.

இந்தப் பாட்டிலைப் பற்றி இரண்டு தவறான தீர்ப்புகள் உலவுகின்றன. "இலவசம்தானே, என்ன பெரிசா இருக்கும்" என்று அலமாரியில் போட்டுவிடுவது ஒன்று. "வாரம் ரெண்டு தரம் கொடுக்கிறேன், அப்புறம் ஏன் மண்ணு திங்குது" என்று குழம்புவது மற்றொன்று. வாரம் 2 மி.லி. என்பது சோகை வராமல் தடுப்பதற்கான அளவு: வாரத்துக்கு 40 மி.கி. நம் 11 கிலோ பிள்ளைக்குச் சிகிச்சையாக வாரம் 210 மி.கி. தேவை. ஐந்தில் ஒரு பங்கை ஊற்றிவிட்டு மண் ஆசை போகவில்லை என்று மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதே திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில், ஹீமோகுளோபின் 7 முதல் 10.9 வரை உள்ள குழந்தைக்கு இதே சிரப் தினமும்: 6 முதல் 10.9 கிலோவுக்கு 1 மி.லி., 11 முதல் 14.9 கிலோவுக்கு 1.5 மி.லி., 15 முதல் 19.9 கிலோவுக்கு 2 மி.லி. இரண்டு மாதம் கொடுத்துத் திரும்பப் பார்ப்பார்கள். எச்.பி. 7-க்குக் கீழே என்றால் வீட்டு வைத்தியம் இல்லை, ஆஸ்பத்திரிதான். எடை, எச்.பி. இரண்டையும் பார்த்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் சொல்ல வேண்டிய அளவு இது. தடுப்புக்குக் கொடுத்ததை நாமே தினசரி ஆக்கிக்கொள்வது கூடாது.

சிகிச்சை அளவில் பார்த்தால் ஒரு பாட்டில் ஏறக்குறைய 33 நாள் வரும். செலவு சுழி. இரும்பு செறிவாக இருப்பதால் வாயில் ஊற்ற வேண்டிய அளவும் குறைவு, துப்பும் பிள்ளைக்கு அது பெரிய வசதி. குறை என்றால் சுவை (துரு பிடித்த ஆணியை நக்கியது போல), பிறகு அந்த மூடி. 1 மி.லி.க்கு அமைந்த மூடியில் அரை மி.லி. அளக்க முடியாது. ஊசி இல்லாத 2 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கிவிட்டால் அந்தக் குறை தீர்ந்தது.

மருந்துக்கடையில் இருப்பவை

ஃபெரஸ் அஸ்கார்பேட்: குழந்தை மருத்துவர்கள் சீட்டில் அதிகம் தென்படுவது. நன்றாக உறிஞ்சப்படும், சுவையும் பரவாயில்லை. ஆனால் 10 மி.கி./மி.லி. சொட்டாக வாங்குவது வீண் செலவு. 15 மி.லி. பாட்டில் நம் பிள்ளைக்கு ஐந்து நாள். மூன்று மாதத்துக்கு 18 பாட்டில். அதே உப்பு 5 மி.லி.க்கு 30 மி.கி. என்று சிரப்பாகக் கிடைக்கிறது. 150 மி.லி. பாட்டில் ஒரு மாதத்துக்கு. சொட்டு, 7 கிலோ வரையிலான கைக்குழந்தைக்குச் சரி. நடக்கும் பிள்ளைக்கு சிரப் கேளுங்கள்.

இரும்பு பாலிமால்டோஸ் வகை: பல்லில் கறை குறைவு, சாப்பாட்டோடும் கொடுக்கலாம், வயிற்றைப் புரட்டாது. பெற்றோருக்குப் பிடித்துப்போவதில் வியப்பில்லை. ஆனால் எச்.பி. ஏற்றுவதில் ஃபெரஸ் உப்புகளுக்குப் பின்னால்தான். இதற்கு உறவான பாலிசாக்கரைடு வகையை ஃபெரஸ் சல்ஃபேட்டோடு நேருக்கு நேர் வைத்து அமெரிக்காவில் 9 முதல் 48 மாதக் குழந்தைகள் 80 பேரிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது: ஒரே 3 மி.கி. அளவு, ஒரு வேளை, 12 வாரம். பழைய, மலிவான சல்ஃபேட்தான் முந்தியது. ஃபெரஸ் வகை எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுக்கும் பிள்ளைக்குப் பாலிமால்டோஸை இரண்டாவது தேர்வாக வைத்துக்கொள்ளலாம். முதல் தேர்வாக வேண்டாம். மி.லி.க்கு 50 மி.கி. இருப்பது பெரும்பாலும் இந்த வகைச் சொட்டுதான் என்பதால் அளவில் கூடுதல் கவனமும் வேண்டும்.

வைட்டமின், துத்தநாகம், லைசின், இன்னும் பத்து சேர்த்த வண்ணப் பெட்டி டானிக்குகளை ஒரே வரியில் தள்ளிவிடலாம்: இரும்பு குறைவு, சர்க்கரை நிறைவு. பேரீச்சம்பழ சிரப் தோசைக்குத் தொட்டுக்கொள்ள ருசியானது. அதிலிருந்து நாளைக்கு 30 மி.கி. இரும்பு எடுக்க நினைத்தால் நடக்காது. ராகியும் முருங்கைக்கீரையும் ஈரலும் முட்டையும் சோகை திரும்பி வராமல் காக்கும். காலியாகிவிட்ட கையிருப்பை அவை மட்டும் நிரப்பக் காத்திருந்தால் பிள்ளை அதுவரை மண்ணிலேயே இருக்கும்.

கொடுக்கும் விதம்

காலையில் பல் துலக்கியதும், பால் தரும் முன். வெறும் வயிறாக, அல்லது சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து. பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சிரிஞ்சின் முனையைக் கன்னத்துக்கும் கடைவாய்க்கும் நடுவில் வைத்து, அரை அரை மி.லி.யாக விடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்றுவது, படுக்க வைத்து ஊற்றுவது, அழும்போது ஊற்றுவது மூன்றுமே புரையேற வைக்கும். பாலாடை இதற்கு ஆகாது. மருந்து முன்பல்லில் வழிந்து கறையாகும், பாதி பாலாடையிலேயே ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு உள்ளே போனது என்றும் தெரியாது.

பின்னாலேயே எலுமிச்சை பிழிந்த தண்ணீரோ சாத்துக்குடிச் சாறோ நாலு வாய். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும், புளிப்பு வாயைக் கழுவியும் விடும். பால், தயிர், டீ ஒரு மணி நேரம் கழித்து. டீயில் பிஸ்கட் நனைத்துத் தரும் பழக்கம் இருந்தால் அதை அடியோடு நிறுத்துங்கள். பசும்பால் ஒரு நாளைக்கு 500 மி.லி.யைத் தாண்ட வேண்டாம். "சாப்பாடே இறங்கல, பால் மட்டும்தான் குடிக்கிறான்" என்கிற வீடுகளில் சோகைக்கே காரணம் அந்தப் பால்தான். அதில் இரும்பு மிகக் குறைவு, வயிற்றை மட்டும் நிரப்பிவிடும்.

மலம் கரும்பச்சையாக, கறுப்பாகப் போகும். பயப்பட ஒன்றுமில்லை, மருந்து உள்ளே போகிறது என்பதற்கு அத்தாட்சி. தார் போல ஒட்டிக்கொண்டு நாற்றமடித்தாலோ சிவந்து வந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். பல் கறை மேலோட்டமானதுதான், பல்லைக் கெடுக்காது. துணியில் பட்டால் பிளீச்சிங் போடாதீர்கள், கறை இன்னும் இறுகும். எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் போகும். ஒரு வேளை தவறினால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல், பேதி இருக்கும் நாட்களில் நிறுத்தி வைத்து, தேறியதும் தொடரலாம். கடுமையாக மெலிந்துபோன குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் இரும்பைத் தொடங்கவே கூடாது.

பலன் தெரியும் வரிசை பலரை ஏமாற்றிவிடுகிறது. இரும்பு போதாமல் மண் தின்ற பிள்ளைக்கு, எச்.பி. ஏறும் முன்பே, முதல் சில வாரங்களில் மண் ஆசை குறைந்துவிடும். "சரியாப் போச்சு" என்று பாட்டிலை மூடிவிடுவார்கள். கையிருப்பு நிரம்பியிருக்காது, இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளை மறுபடியும் சுவரைச் சுரண்டும். 4 வாரத்தில் எச்.பி. குறைந்தது 1 கிராம் ஏறியிருக்க வேண்டும். அது இயல்புக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று மாதம் மருந்து தொடர வேண்டும். அதன் பிறகு அங்கன்வாடி கணக்குப்படி வாரம் இரண்டு முறை 1 மி.லி.

பாட்டிலைப் பூட்டி வையுங்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. மருந்து வாங்குவதே கண்டதையும் வாயில் போடும் பிள்ளைக்கு. உடல் எடையில் கிலோவுக்கு 60 மி.கி. இரும்பு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து; 20 மி.கி.யிலேயே வாந்தி, வயிற்றுவலி தொடங்கும். 11 கிலோ பிள்ளைக்கு அந்த ஆபத்துக் கோடு 660 மி.கி. இலவச சிரப் முழுப் பாட்டிலில் இருப்பது 1,000 மி.கி. அதைவிட மோசம், கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரை: ஒன்றில் 60 மி.கி., மேலே சர்க்கரைப் பூச்சு, பார்க்க மிட்டாய். பதினொன்று தின்றால் அதே கோடு. அக்கா தம்பிக்கு ஊட்டிவிட்ட கதைகள் அவசரப் பிரிவில் புதிதல்ல.

நிறையக் குடித்துவிட்டது என்று தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு 108-ல் கிளம்புங்கள். முதல் சில மணி நேரம் வாந்தியும் பேதியுமாக இருந்துவிட்டு, பிறகு தேறியது போலத் தெரியும். அந்தத் தெளிவை நம்பித் திரும்பி வந்துவிடக் கூடாது, மோசமான கட்டம் அதற்குப் பின்னால்தான் வரும்.

மருந்தோடு கூடவே

இரும்பு வேலை செய்யத் தொடங்கும் வரை பிள்ளை மண் தின்றுகொண்டுதானிருக்கும். அடிப்பது, நாக்கில் மிளகாய் தேய்ப்பது, கையில் வேப்பெண்ணெய் பூசுவது எதுவும் உதவாது. ஒளிந்து தின்னக் கற்றுக்கொடுக்கும். பிடிபட்டால் குரலை உயர்த்தாமல் வாயை விரலால் வழித்து, தண்ணீர் கொடுத்து, கையில் வேறு ஏதாவது திணியுங்கள். மொறுமொறுவென்று கடிக்கத்தான் ஆசை என்றால் நீளமாக வெட்டி வாட்டிய ரொட்டி, அப்பளம் போன்றவை. வறுத்த கடலை, பொட்டுக்கடலை இந்த வயதில் மூச்சுக்குழலில் மாட்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தின்னும் இடம் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான்: செடித்தொட்டி, அடுப்படிச் சாம்பல், உதிரும் சுவர். தொட்டியில் மண் தெரியாமல் பெரிய கூழாங்கல் பரப்பலாம், வாயில் நுழையாத அளவுக் கல்லாக. நாய், பூனை வந்து போகும் மணல் குவியலை மூடி வையுங்கள்.

மண்ணோடு பூச்சி முட்டையும் போயிருக்கும். தேசிய குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரை, 1 முதல் 2 வயதுக்குப் பாதி. 2 வயதுக்கு மேல் முழுசு. 3 வயது வரை நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கலந்தே கொடுக்க வேண்டும். நாக்குப்பூச்சிக்கு ஒரு வேளை நன்றாகவே கேட்கும்; சாட்டைப்புழுவுக்கு அவ்வளவாகக் கேட்காது. நாய்ப் பூனைக் கழிவிலிருந்து வரும் டாக்ஸோகாரா புழுவுக்கு இந்த ஒரு மாத்திரை போதாது, அதற்குப் பல நாள் மருந்து உண்டு. பூச்சி மருந்து கொடுத்தால் மண் தின்பது நின்றுவிடும் என்பது பாதி உண்மை. கொக்கிப்புழு இரத்தம் குடித்துச் சோகை வந்திருந்தால், புழு போன பிறகும் இழந்த இரும்பைத் தனியாகத்தான் தர வேண்டும்.

ஒழுங்காகக் கொடுத்தும் 4 வாரத்தில் எச்.பி. அசையவில்லை என்றால் பிராண்டை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். முதலில் அளவையும் பாலையும் மறுபடி பாருங்கள். அதுவும் சரி என்றால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. இரத்தச் சோதனை: பரம்பரையாக வரும் தலசீமியா வகைச் சோகைகள் இரும்புக் குறைவு போலவே வேஷம் போடும். நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணு (சிக்கிள் செல் எனும் பரம்பரை இரத்தக் கோளாறு) இருப்பது 1952-லேயே பதிவான செய்தி. அந்தப் பக்கக் குடும்பங்கள் இந்தச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிள்ளை தின்பது மண்ணோடு பழைய பெயின்ட் செதில் என்றால், அல்லது வீட்டருகில் பழைய பேட்டரி உடைக்கும் இடம் இருந்தால், இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த சுவரும் ஜன்னல் கம்பியும் சந்தேகத்துக்குரியவை. இரும்பு குறைந்த குடல் ஈயத்தை அதிகமாக இழுக்கும் என்பதால் இரண்டும் சேர்ந்தே வரும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் சொட்டில் கையில் ஒட்டிய தூசியே எண்ணை ஏற்றிக் காட்டிவிடும். நரம்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் வந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அப்புறப்படுத்த வேண்டும். பெயின்டைச் சுரண்டும் வேலை நடக்கும் நாட்களில் பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சுவரை நனைத்துச் சுரண்டி, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். விளக்குமாற்றால் பெருக்கினால் அந்தத் தூசு வீடெல்லாம் பரவும்.